கயிற்றை அறுத்த சேவகர்கள்



ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையைத் திருச்சபை கடலோடிகளுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது. கடல் ஞாயிறு என்று அதற்குப் பெயர். சென்ற வாரம் பூசை முடிந்து இதை நான் அறிவித்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் வாசலில் என்னை நிறுத்தி, “சாமி, நமக்கும் கடலுக்கும் என்ன? இங்கே மழையே இல்லை, நீங்கள் கப்பலுக்கு வேண்டிக்கொள்ளச் சொல்கிறீர்களே” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கொடைரோடு என்றால் ரயிலை விட்டிறங்கி மலைக்குப் பஸ் ஏறுகிற இடம். திராட்சைப் பந்தலும் நிலக்கோட்டைப் பூச்சந்தையும்தான் நமக்குத் தெரிந்த உலகம். நாம் அறிந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். பெரிய தண்ணீர் என்றால் வைகை அணை. நம் பாட்டிமாரில் பலர் கடலைப் பார்த்தது ஆயுளில் ஒருமுறை, அதுவும் வேளாங்கண்ணியில்.

ஆயினும் நம் வீட்டு அடுப்பில் வேகிற கருவாட்டுக் குழம்பு யாரோ ஒருவன் இரவெல்லாம் அலையில் கிடந்து கொண்டுவந்தது. நம் வண்டிகளுக்கு ஊற்றுகிற எண்ணெய் கப்பலில் வந்தது. அதுவும் போக, முன்போல் அல்லாமல் இப்போது உள்நாட்டு ஊர்களின் பிள்ளைகளும் கப்பல் வேலைக்குப் போகிறார்கள். ஆகையால் இன்று கடலைப்பற்றி, அதிலும் ஆபத்து வேளையில் உயிர்காக்கிற படகைப்பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

வேதாகமத்திலே உயிர்காக்கும் படகு ஒன்று வருகிறது. நோவேயின் பெட்டகத்தைச் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தின் இருபத்தேழாம் அதிகாரத்தில் இருக்கிறது. அநேகர் அந்த அதிகாரத்தை வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள்; துறைமுகங்களின் பெயரும் காற்றின் பெயருமாக இருப்பதால் அலுப்புத் தட்டுகிறது போலும். வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து ஒருநாள் உரக்க வாசித்துப் பாருங்கள். கடற்பிரயாணத்தின் கஷ்டத்தை அவ்வளவு நுணுக்கமாக எழுதிய பழைய ஏடுகள் மிகச் சில.

அர்ச். சின்னப்பர் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிறார். யூலியுஸ் என்கிற நூற்றுவர் தலைவனின் காவலில், அலெக்சாந்திரியாவின் கப்பல் ஒன்றில் ஏற்றப்படுகிறார். பருவம் தவறிவிட்டது, இனிப் போவது உயிருக்கு ஆபத்து என்று அவர் முன்னதாகவே சொல்லியும், அந்த அதிகாரி மாலுமியின் பேச்சையும் கப்பல்காரன் பேச்சையும் நம்பினான். தென்றல் மெதுவாக வீசவே, நினைத்தது கைகூடிற்று என்று பாய் விரித்தார்கள். பிறகு வந்தது புயல். பல நாள் சூரியனையும் காணோம், நட்சத்திரங்களையும் காணோம். பாரத்தைக் கடலில் எறிந்தார்கள், கப்பலின் தளவாடங்களையும் எறிந்தார்கள். பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று வேதாகமம் சொல்லுகிறது.

இதற்கிடையில்தான் அந்தச் சிறு படகு வருகிறது. பெரிய கப்பலின் பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்த படகு அது. கவுதா என்கிற சிறு தீவின் மறைவில் கப்பல் ஒதுங்கின வேளையில், மிகுந்த பிரயாசையோடு அதை மேலே தூக்கிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறது. புயலில் எதை எதையோ எறிந்தவர்கள் இந்தப் படகை மட்டும் எறியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமா?

பதினாலாம் இராத்திரி. தண்ணீரின் ஆழத்தை அளந்து பார்த்தார்கள். இருபது பாகம் இருந்தது. சற்றுத் தூரம் போய் மறுபடி அளந்தார்கள், பதினைந்து பாகம். கரை நெருங்குகிறது, பாறையில் மோதுவோமோ என்ற பயம். பின்புறத்தில் நாலு நங்கூரங்களைப் போட்டுவிட்டு எப்போது விடியுமென்று காத்திருந்தார்கள். அப்போது கப்பலாட்கள் என்ன செய்தார்கள்? முன்புறத்திலும் நங்கூரம் போடப்போகிறோம் என்று சாக்குச் சொல்லி, அந்தப் படகைக் கடலில் இறக்கினார்கள். நோக்கம் நங்கூரமல்ல. தாங்கள் மாத்திரம் அதில் ஏறித் தப்பிப் போய்விடுவதே நோக்கம். கடலைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் போய்விட்டால் மிஞ்சுகிறவர்கள் சேவகரும் கைதிகளும் பிரயாணிகளும். பாய் கட்டவும் தெரியாது, சுக்கான் பிடிக்கவும் தெரியாது.

இந்த வஞ்சகத்தைக் கண்டுபிடித்தவர் சங்கிலியில் கிடந்த கைதியான சின்னப்பர். அவர் அதிகாரியிடத்திலும் சேவகரிடத்திலும் போய், இந்த ஆட்கள் கப்பலில் தங்காவிட்டால் நீங்களும் பிழைக்கமாட்டீர்கள் என்று சொன்னார். உடனே சேவகர்கள் படகின் கயிற்றை அறுத்து, அது அலையோடு போகும்படி விட்டுவிட்டார்கள்.

இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். இதற்கு முந்தின ஓர் இரவில்தான் சர்வேசுரனுடைய சம்மனசானவர் சின்னப்பருக்குத் தோன்றி, கப்பலில் உள்ள ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று அறிவித்திருந்தார். வாக்குக் கொடுத்தாயிற்று, வாக்குக் கொடுத்தவர் பொய்யர் அல்ல. ஆகையால் மாலுமிகள் போனால் போகட்டும், நம்மைக் காப்பாற்ற ஆண்டவர் இருக்கிறார் என்று சின்னப்பர் சொல்லியிருக்கலாம் அல்லவா? அவர் அப்படிச் சொல்லவில்லை. விசுவாசத்தில் அவரைவிடப் பெரியவர்கள் நம்மில் யாருமில்லை. அந்த அவரே, தொழில் தெரிந்த மாலுமி கப்பலில் இருந்தாக வேண்டும் என்றார். சர்வேசுரனுடைய பராமரிப்பு மனிதனுடைய கையைக் கொண்டு நடக்கிறது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். “ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிக்கொண்டு ஓட்டை வண்டியில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிற தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும். அது விசுவாசமல்ல, அசட்டைத்தனம். ஆண்டவரைச் சோதிக்கிற பாவத்தின் வாசலில் நிற்கிற அசட்டைத்தனம்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. உயிர்காக்கிற படகு என்பது நல்ல பொருள்தான். ஆனால் அது சிலருடைய கைக்கு மாத்திரம் போய், மற்றவர்களைச் சாகவிட்டு ஓடுகிற கருவியானால் அதைவிடக் கொடிய பொருள் கப்பலில் வேறில்லை. அதனால்தான் அதை அறுத்துவிட்டார்கள். விடிந்தபின் கப்பல் மணல்திட்டில் மோதி உடைந்தது; நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள்; மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் உடைந்த துண்டுகளைப் பற்றிக்கொண்டும் மெலித்தா, அதாவது மால்ட்டா, தீவின் கரை சேர்ந்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

மாறாக, படகுகள் இருந்தும் சனங்கள் மாண்ட கதை ஒன்றை உலகம் முழுதும் அறியும். 1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி, மறுநாள் விடியுமுன் மூழ்கிப்போனது. அதில் ஏறக்குறைய 2,200 பேர் இருந்தார்கள். இருந்த படகுகள் 20. அவை அனைத்திலும் சேர்த்து இடம் 1,178 பேருக்கு. பாதிப் பேருக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இதில் வியப்பு என்னவென்றால், கப்பல்காரர்கள் சட்டத்தை மீறவில்லை. பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குப் பதினாறு படகுகள் போதுமென்று இங்கிலாந்தின் பழைய விதி சொல்லியிருந்தது. கப்பல்களோ அதற்குள் நாற்பத்தாறாயிரம் டன்னாக வளர்ந்துவிட்டன, விதி வளரவில்லை. விதி கேட்டதைவிட நாலு படகு அதிகமாகவே அவர்கள் வைத்திருந்தார்கள். சட்டப்படி எல்லாம் சரி. ஏறக்குறைய 1,500 பேர் தண்ணீரில்.

அதைவிட மனதை வருத்துவது ஒன்று உண்டு. இருந்த இடங்களும் நிரம்பவில்லை. முதலில் இறக்கிய படகு 65 பேர் ஏறக்கூடியது. அதில் போனவர்கள் முப்பதுக்கும் குறைவு. மீட்கப்பட்டவர்கள் மொத்தம் எழுநூற்றுச் சொச்சம். அப்படியானால் நானூறுக்கு மேற்பட்ட இடங்கள் வெறுமையாக இருந்தன. கப்பல் மூழ்கினபின், குளிர்ந்த நீரில் கதறினவர்களின் சத்தம் படகில் இருந்தவர்களின் காதில் விழுந்தது. திரும்பிப் போனால் எல்லாரும் தொற்றிக்கொண்டு நம்மையும் கவிழ்த்துவிடுவார்களே என்று பயந்து, பெரும்பாலான படகுகள் திரும்பவில்லை. லோ என்கிற இளம் அதிகாரி ஒருவர் மட்டும் தன் படகிலிருந்தவர்களை மற்றப் படகுகளுக்கு மாற்றிவிட்டு வெறும் படகோடு தேடிப்போனார். போவதற்குள் காலம் கடந்துவிட்டது. மிகச் சிலரையே உயிரோடு கண்டார். அந்தப் படகுகளில் இருந்தவர்களை நான் குற்றஞ்சொல்ல வரவில்லை. இருட்டில், பயத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள். அவர்கள் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்பதை மாத்திரம் அவரவர் மனச்சாட்சியில் கேட்டுக்கொள்ளலாம்.

அதே கப்பலில் தாமஸ் பைல்ஸ் என்ற ஆங்கிலேயக் குருவானவர் ஒருவர் இருந்தார். தம் சகோதரனுடைய கலியாணத்தை நடத்திவைக்க நியூயார்க் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று காலையில்தான் கப்பலில் பூசை வைத்திருந்தார். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு அது. இரவில் அவர் மூன்றாம் வகுப்பு ஏழைகளை மேல்தட்டுக்கு அழைத்துவந்து, பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றினார். தமக்குக் கொடுத்த இடத்தை மறுத்துவிட்டு, தங்கிவிட்டவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டும் செபமாலை சொல்லிக்கொண்டும் இருந்தார். அவர் உடல் கிடைக்கவேயில்லை.

இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் தேசங்கள் விழித்தன. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை லண்டன் மாநகரில் 1914-ல் முதன்முதலாக ஏற்பட்டது. பலமுறை திருத்தப்பட்டு, 1974-ல் செய்த உடன்படிக்கையே இப்போது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கப்பலில் உள்ள ஒவ்வோர் ஆளுக்கும் உயிர்காப்புச் சாதனத்தில் இடம் இருந்தாக வேண்டும். சரக்குக் கப்பல்களின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில், மூடிபோட்ட முட்டைபோல் ஒரு படகு தொங்குவதைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே குடிநீர், உணவு, தீச்சுடர், தூண்டில்கூட உண்டு. படகு இறங்கச் சமயம் இல்லாவிட்டால் காற்றடைத்த மிதவைகள். கப்பல் அவற்றோடு மூழ்கினால் தண்ணீரின் அழுத்தமே கட்டை அவிழ்த்துவிட, அவை தாமே மேலே வந்து விரிந்துகொள்ளும்.

மீட்புப் படகு என்பது வேறு. சிறியது, வேகமானது. கடலில் தவறி விழுந்தவனைத் தேடி எடுப்பதற்கும், சிதறிப்போன மிதவைகளை ஒன்றுசேர்ப்பதற்கும் உள்ளது. அதில் குறைந்தது ஐந்துபேர் உட்காரவும் ஒருவர் படுக்கவும் இடம் இருக்க வேண்டுமென்பது விதி. அந்த விதியை வாசித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். நடக்கமாட்டாத ஒருவனை நினைத்து, அவனுக்கென்று ஒரு படுக்கை இடத்தைச் சட்டம் எழுதினவர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆனால், பிரியமான கிறிஸ்தவர்களே, இந்த உடன்படிக்கையின் பெரும்பகுதி மீன்பிடிப் படகுகளுக்குச் செல்லாது. கப்பலுக்குச் சட்டம் உண்டு, படகுக்கு இல்லை. நம் கடற்கரைச் சகோதரர்கள் போகிற வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும் பக்கத்தில் ஆரஞ்சுப் படகு தொங்குவதில்லை. அவர்கள் முன்னோர் கண்டுபிடித்த கட்டுமரம் ஒருவகையில் தானே உயிர்காப்பு மிதவைதான். மரங்களைச் சேர்த்துக் கட்டியது ஆனபடியால் கவிழ்ந்தாலும் மூழ்காது. தமிழனுடைய அந்தச் சொல்லை உலகத்துப் பாஷைகள் பலவும் கடன்வாங்கிக்கொண்டன. இன்றோ கட்டுமரத்தின் எல்லைக்கு வெகு தூரம் வெளியே, நூற்றுக்கணக்கான மைல் தாண்டிப் போய்த்தான் மீன்பிடிக்க வேண்டியிருக்கிறது.

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒக்கி என்ற புயல் குமரி முனைக்குத் தெற்கே, மிகக் குறுகிய நேரத்தில் திரண்டு எழுந்தது. கரையில் இருந்தவர்களுக்குச் செய்தி தாமதமாகக் கிடைத்தது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட படகுகளுக்கோ செய்தி போய்ச்சேரவே இல்லை. அவர்களிடம் இருந்த கம்பியில்லாக் கருவிகள் கரையிலிருந்து சில பத்து மைல்களுக்கு மேல் பேசமாட்டா. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலான ஊர்களில் வீட்டுக்கு வீடு அழுகை. அவை கத்தோலிக்க ஊர்கள். நாம் சொல்லுகிற அதே செபமாலையைச் சொல்லுகிற வீடுகள். குமரியிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட படகுகள் சில, லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் குஜராத்திலும் ஒதுங்கின. கடலோரக் காவல்படையும் கடற்படையும் தேடின. ஆயினும் எங்கள் ஆட்கள் எங்கே வலை போடுவார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும் என்று சொல்லி, புயல் முற்றிலும் அடங்குமுன்னமே மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே தேடப் புறப்பட்டார்கள். டிசம்பர் 7-ந் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் தேடுதலை நிறுத்தாதீர்கள் என்பதே.

காணாமற்போனவர்களின் பட்டியலை அந்தந்தப் பங்குக் குருக்கள் வீடு வீடாகப் போய் எழுதினார்கள். எனக்கு ஒரு குருவாக அதை நினைக்கும்போதெல்லாம் கை நடுங்குகிறது. ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து பெயர் பார்த்து எழுதியிருப்பார்கள். கலியாணப் புத்தகத்தைத் திறந்திருப்பார்கள். மரணப் புத்தகத்தில் எழுதுவதற்கோ உடல் இல்லை. உடல் கிடைக்காதவரை, ஏழாண்டு காத்திருந்த பிறகே ஒருவரை இறந்தவராகச் சட்டம் கொள்ளும். அந்த விதியைப் பின்னர் அரசு அவர்களுக்காகத் தளர்த்தியது. தளர்த்தினதால் உதவித்தொகை வந்தது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது மனைவிமார் என்ன நினைத்திருப்பார்கள்? கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறில்லை. போட்டால், அவர் திரும்பி வரமாட்டார் என்று தானே எழுதிக்கொடுத்தது போல. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக நவம்பர் மாதம் வேண்டிக்கொள்ளும்போது, கல்லறை இல்லாத இந்தச் சகோதரர்களையும் நினையுங்கள்.

ஒக்கிக்குப் பிறகு சில காரியங்கள் சீர்ப்பட்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்தில் பொத்தானை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி அனுப்புகிற கருவியை இஸ்ரோ நிறுவனம் 2010 முதலே நடைமுறைப்படுத்தியிருந்தது. அதன் குறை என்னவென்றால், செய்தி போயிற்றா இல்லையா என்பது கடலில் இருப்பவனுக்குத் தெரியாது. 2024-ல் வெளிவந்த புதிய கருவியில், உன் செய்தி கிடைத்தது என்று கரையிலிருந்து பதில் போகிறது. மீட்க ஆள் வந்துசேரப் பல மணி நேரமாகலாம். ஆனாலும் என் கூப்பாட்டை ஒருவர் கேட்டுவிட்டார் என்று தெரிந்தவன் அந்த மணி நேரங்களைத் தாக்குப்பிடிப்பான். செபிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கடலோரக் காவல்படையைக் கூப்பிட 1554 என்ற எண்ணும் உண்டு. கடற்கரையில் உறவினர் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒக்கி வந்து ஒன்பது மாதம் ஆவதற்குள், 2018 ஆகஸ்டில் கேரள நாட்டில் பெருவெள்ளம். செங்கன்னூர், ஆலப்புழை, பத்தனம்திட்டை பக்கங்களில் ஓட்டு வீடுகளின் மேல் சனங்கள் நின்று கூவினார்கள். ராணுவம் வருவதற்குள் கடற்கரையிலிருந்து லாரிகள் வந்தன. லாரிகளின் மேல் மீன்பிடிப் படகுகள். திருவனந்தபுரம், கொல்லம் கரைகளின் மீனவர்கள், ஒக்கியில் அண்ணன் தம்பிகளைப் பறிகொடுத்த அதே சனங்கள், யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். அறுநூறுக்கு மேற்பட்ட படகுகள், நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரை அவர்கள் மீட்டதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. மலப்புறம் பக்கத்தில் ஒருவர், பெண்கள் படகேற உயரம் எட்டாததைக் கண்டு, தண்ணீரில் குனிந்து தம் முதுகையே படியாகக் கொடுத்தார். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர், மகமதியர். நல்ல சமாரியனுடைய உவமையில் நமதாண்டவர் யாரை எடுத்துக்காட்டினார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் இந்த வேலையையே 1824 முதல் ஒரு சங்கம் செய்துவருகிறது. கடற்கரை ஊர்களில் கடைக்காரனும் செம்படவனும் தச்சனுமாக இருப்பவர்கள், மணி அடித்ததும் வேலையைப் போட்டுவிட்டு மீட்புப் படகேறுகிறார்கள். 1981 டிசம்பர் 19-ந் தேதி, கிறிஸ்துமசுக்கு ஆறு நாள் இருக்கையில், மௌசோல் என்ற சிற்றூரிலிருந்து எட்டுப்பேர் அப்படிப் போனார்கள். புறப்படும்போது தகப்பனோடு மகனும் ஏற வந்தான். ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும் என்று படகின் தலைவர் அந்தப் பையனை இறக்கிவிட்டார். எட்டுப்பேரும் திரும்பவில்லை. மறுநாளே அடுத்த படகுக்கு வேண்டிய ஆட்கள் அந்த ஊரிலிருந்தே பெயர் கொடுத்தார்கள்.

இனி, நம் வீட்டுச் சமாசாரத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

கோடை விடுமுறையில் நம் பங்கிலிருந்து ஒரு கூட்டம் வேன் பிடித்துச் சுற்றுலாப் போய், ஓர் ஏரியில் படகேறியிருக்கிறது. படம் எடுத்துவந்து எனக்குக் காட்டினார்கள். பதினெட்டுப் பேர், கைக்குழந்தை ஒன்று. ஒருவர் மேலும் உயிர்காப்புச் சட்டை இல்லை. கேட்டேன். “வியர்வை நாற்றம் அடிக்கிறது சாமி” என்றார் ஒருவர். “புடவை தெரியாது சாமி” என்றது ஒரு பெண்பிள்ளை. “அரைமணி நேரந்தானே” என்றார் குடும்பத் தலைவர்.

2009 செப்டம்பர் 30-ந் தேதி, நமக்கு அடுத்த மலைக்கு அப்பால் தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற புதுப்படகு கவிழ்ந்தது. 45 பேர் மாண்டார்கள். நம் தமிழ்நாட்டுச் சனங்களும் அதில் உண்டு. காட்டு மிருகங்களைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்றார்கள். படகின் அமைப்பிலேயே குறை என்றும் சொன்னார்கள். அவர்கள் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை. 2011-ல் கிறிஸ்து பிறந்த திருநாளன்றே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். திருநாளைக் கொண்டாடப் போன இடத்தில். 2023 மே 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கேரளத்தில் தானூரில் இன்னும் 22 பேர், பிள்ளைகளே அதிகம். எல்லாம் சிறிது நேரப் பிரயாணந்தான்.

1861-ல் இங்கிலாந்தின் விட்பி ஊரில் ஒரே நாளில் மீட்புப் படகு ஆறுமுறை கடலில் இறங்கிற்று. ஆறாவது முறை கவிழ்ந்து, பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். பிழைத்தவன் அன்றுதான் முதன்முதலாகப் படகேறின புது ஆள். அவன் மாத்திரமே அப்போது புதிதாக வந்திருந்த தக்கைச் சட்டையை அணிந்திருந்தான். மற்றவர்கள் அவனைவிடக் கைதேர்ந்தவர்கள். கடலைக் கண்டு பயப்படாதவர்கள்.

ஆகையால் தகப்பன்மாரே, தாய்மாரே, கண்டிப்பாகவே சொல்லுகிறேன். லைஃப் ஜாக்கெட் என்கிற அந்தச் சட்டை இல்லாத படகில் பிள்ளையை ஏற்றாதீர்கள். சட்டை இருந்தும் அதன் வார் அறுந்திருந்தால் ஏறாதீர்கள். வாரைக் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டால் தண்ணீரில் அது தலைவழியே கழன்றுபோகும். குழந்தைக்குக் குழந்தையின் அளவில் வேண்டும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால், கொடுத்த பணம் போனாலும் போகட்டும், இறங்கிவிடுங்கள். படகில் எழுந்து நிற்காதீர்கள். ஊரார் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட வேண்டாம். ஐந்தாம் கற்பனையில் அடங்கியுள்ள கடமை இது; நம் உயிரையும் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டவர்களின் உயிரையும் வீணில் ஆபத்துக்கு உட்படுத்தலாகாது என்று உபதேசத்தில் படித்திருக்கிறோம்.

செப்டம்பர் 8-ந் தேதித் திருநாளுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நம் பங்கில் இவ்வாண்டும் அதிகம். புயலில் தத்தளித்த போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவை மன்றாடிக் கரைசேர்ந்த இடம் என்பது அந்தத் திருத்தலத்தின் பாரம்பரியம். அதே கரையில் 2004 டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை யாத்திரிகர் அநேகரைக் கொண்டுபோயிற்று. பத்துநாள் நடந்த அலுப்புத்தீரக் கடலில் குளிக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். கிணற்றில் நீந்தினவனுக்குக் கடல் அலையின் இழுப்புத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. பொழுது சாய்ந்தபின் இறங்கவே கூடாது. கூட்டத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். அவர் சொன்னால் கேளுங்கள்.

நடந்து போகிறவர்கள் அனைவரும் ஆகஸ்ட் 15-ந் தேதி தேவமாதாவின் ஆரோபணத் திருநாள் பூசைக்குப் பின் கோவிலிலேயே தங்கியிருக்கவும். பொறுப்பாளர்களை அன்று குறிக்க வேண்டும். கப்பலிலோ படகிலோ பிள்ளைகள் வேலைபார்க்கிற வீட்டார், அவர்கள் பெயரை எழுதிச் சனிக்கிழமை மாலைக்குள் உபதேசியாரிடம் கொடுங்கள். ஞாயிறு இரண்டாம் பூசையில் வாசிக்கப்படும். ஒக்கியில் திரும்பாதவர்களுக்காகவும் அதே பூசை ஒப்புக்கொடுக்கப்படும். அன்று மாலை ஆறு மணிக்குச் செபமாலை. கடலைப் பார்த்திராத பாட்டிமார் முதலில் வாருங்கள்.

உங்கள் பங்குக் குரு